பொருந்தாத இரண்டு அறிக்கைகள்

போன வாரம் உங்கள் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். தானாகவே சாயம் ஏற்றும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காட்டும் திரை, வாசலில் சட்டம் போட்டு மாட்டிய தரச்சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நாமக்கல்லில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஆய்வக அறையில் மின்விசிறியைப் போட்டால் காகிதமெல்லாம் பறக்கும். நிறுத்தினால் வியர்வை மைக்ராஸ்கோப்பின் மேல் சொட்டும்.

கிளம்பும்போது உங்களில் ஒருவர், "உங்க காலத்துல தரக்கட்டுப்பாடெல்லாம் எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்டார். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏதோ சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். சேலம் வந்து சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதற்குப் பதிலாக எனக்குத் தோன்றியதெல்லாம் ஒரு பெண் மருத்துவரின் முகம்தான். அவரைப் பற்றிச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகும் என்று நினைக்கிறேன்.

அவர் மகப்பேறு மருத்துவர். ராசிபுரத்தில் சின்னதாக ஒரு மருத்துவமனை வைத்திருந்தார். எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் அவரை "ராசிபுரம் டாக்டர்" என்றே சொல்வோம். பிறந்தது தம்மம்பட்டி. பேச்சில் கிழக்குப் பக்கத்து வாடை இருக்கும். ஆனால் வருஷக்கணக்காக இந்தப் பக்கத்துப் பெண்களோடு பேசிப் பேசி, ஆத்திரம் வந்தால்கூட வார்த்தையின் கடைசியில் "ங்க" ஒட்டிக்கொள்ளும். ஃபோனில், "என்னங்க ரிப்போர்ட் இது?" என்று அவர் குரல் கேட்டால் எங்கள் ஆட்கள் ரிசீவரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் அது என்னிடம் வந்து நிற்கும்.

ஒரு முறை அவர் ஒரு பயாப்சித் துண்டை அனுப்பினார். அது வந்து சேர்வதற்கு முன்பே அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "ஃபார்மலின்ல போடறதுக்குப் பதிலா எங்க நர்ஸ் சலைன்ல போட்டு அனுப்பிட்டாங்க. நேத்தே அனுப்பினது. கெட்டுப்போயிருக்கும். அதை வச்சு ஏதாவது எழுதிடாதீங்க. அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டிருக்கேன். தப்பு எங்களுதுன்னு சொல்லிட்டேன்."

துண்டு வந்தது. அவர் சொன்னபடிதான் இருந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால், நாங்கள் "துண்டு ஆய்வுக்கு ஏற்றதாக இல்லை" என்று பட்டும் படாமலும் எழுதியிருப்போம். யாருடைய தவறு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

இனி பாவாயியின் விஷயத்துக்கு வருகிறேன்.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு காட்டூர். பாவாயிக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் மரவள்ளி வெள்ளாமை, இரண்டு எருமைகள், ரிக் வண்டி வைத்து வடநாட்டில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்த மகன் செந்தில். மருமகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு ராசிபுரம் டாக்டரிடம் வந்தவர்தான் பாவாயி. தனக்கு என்று எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை.

கூட வந்தவர்களைச் சும்மா விடுவது அந்த டாக்டருக்கு வழக்கமில்லை. பேரன் பிறந்து, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு எப்பவாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணியிருக்காங்களாம்மா?"

"எனக்கெதுக்குங்க? நான் புள்ளை பெத்து முப்பது வருசமாச்சு."

"அதனாலதான் கேக்கறேன்."

"எருமை கறக்கற நேரமாச்சுங்க. இன்னொரு நாளைக்கு வாரேன்."

"நீங்க வரமாட்டீங்க. அஞ்சு நிமிஷம். பேரனைப் பாக்க எத்தனை நேரம் நின்னீங்க?"

பாவாயி சிரித்துவிட்டாராம். சிரித்துக்கொண்டே போய்ப் படுத்ததாகப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை மெதுவாகத் தேய்த்தெடுத்த அந்த ஸ்மியர் எங்களிடம் வந்தது. அப்போது எங்களிடம் பிரபு என்ற இளம் மருத்துவர் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஸ்மியர்களை அவர் பார்ப்பார். சதைத் துண்டுகளை நான் பார்ப்பேன். பிரபு அந்த ஸ்லைடில் மோசமான மாற்றம் அடைந்த செல்களைக் கண்டார். எண்ணிக்கை குறைவு. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. புற்றுக்கு முந்தைய உயர்நிலை மாற்றம் என்று அறிக்கை கொடுத்தார்.

ராசிபுரம் டாக்டர் பாவாயியைத் திரும்ப வரவழைத்து, கால்போஸ்கோப் வைத்துப் பார்த்தார். உருப்பெருக்கிக் காட்டும் அந்தக் கருவியில் பார்த்து, கொஞ்சம் வெளுத்துத் தெரிந்த இரண்டு இடங்களில் துண்டு எடுத்து அனுப்பினார். அந்தத் துண்டுகளை நான் பார்த்தேன். நாள்பட்ட அழற்சி மட்டும் இருந்தது. புற்றும் இல்லை, புற்றுக்கு முந்தைய மாற்றமும் இல்லை. அப்படியே எழுதினேன். எப்போதும் எழுதுகிற கடைசி வரியையும் சேர்த்தேன்: "வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கும் பகுதி இத்துண்டுகளில் இல்லை."

புற்று பெரும்பாலும் தொடங்குகிற இடம் அந்தச் சந்திப்புதான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், இப்படி ஒரு வரி இருந்தால் அதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஃபோன் செய்கிறவர்கள் எத்தனை பேர்? மேலே "புற்று இல்லை" என்று இருந்தால் எல்லாருடைய கண்ணும் அங்கேயே நின்றுவிடும். பாவாயியின் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அவர் கணவர் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அறிக்கை வந்ததும் அதற்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் ராசிபுரம் டாக்டரின் ஃபோன்.

"இதுவும் நீங்க குடுத்ததுதான், அதுவும் நீங்க குடுத்ததுதான். ரெண்டும் ஒரே பொம்பளைக்கு. ரெண்டும் சேரலையேங்க."

"சில சமயம் இப்படி வரும் டாக்டர்" என்றேன்.

"வரும். வந்தா என்ன பண்றதுன்னுதான் கேக்கறேன். நான் வரட்டுமா? நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பாக்கலாம்."

வெளிநோயாளிகளை முடித்துவிட்டுப் பஸ் பிடித்து வந்துவிட்டார். சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எங்கள் கேன்டீனிலிருந்து தக்காளிச் சாதம் வாங்கி வரச்சொன்னேன். அது மேசை ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த அரைமணி நேரத்தைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேர் முன்னாலும் சுலபமான வழி ஒன்று இருந்தது.

என் முன்னால் இருந்த வழி, பிரபுவின் பக்கம் திரும்பி, "கொஞ்சம் அதிகமாப் பாத்துட்டியோ?" என்று கேட்பது. அவர் வேலைக்குப் புதிது. நான் துறைத் தலைவி. நான் அப்படிக் கேட்டிருந்தால் அந்த அறிக்கை ஒரு படி கீழே இறங்கியிருக்கும். இரண்டும் பொருந்தியிருக்கும். பிரபுவின் முன்னால் இருந்த வழி, நான் கேட்பதற்கு முன்பே தானாக இறங்கிவருவது. டாக்டரின் முன்னால் இருந்த வழி எல்லாவற்றிலும் சுலபம். பயாப்சிதான் கடைசி வார்த்தை என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

பிரபு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "நீங்களே பாருங்க மேடம். பாத்துட்டு நான் சொன்னது தப்புன்னா சொல்லுங்க, மாத்திக்கறேன். எனக்கு மாத்தத் தோணலை" என்றார். என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இரட்டைத் தலை மைக்ராஸ்கோப் அது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. அந்தச் செல்களை வேறு எப்படியும் படிக்க முடியாது. அன்று வந்த மற்ற ஸ்லைடுகளோடு பெயர் மாறியிருக்குமோ என்று சரிபார்த்தோம். மாறவில்லை. என் சதைத் துண்டுகளை இன்னும் ஆழமாகச் சீவி, புதிய ஸ்லைடுகள் தயாரிக்கச் சொன்னேன். மறுநாள் அவற்றையும் பார்த்தேன். அதே அழற்சி. என் அறிக்கையும் சரிதான்.

ராசிபுரம் டாக்டர் அன்று நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஸ்மியரும் சரி, பயாப்சியும் சரின்னா, நான் எடுத்த எடம்தான் சரியில்லை. கண்ணுக்குத் தெரிஞ்ச எடத்துல எடுத்தேன். இந்த வயசுல அந்தச் சந்திப்பு மேல உள்ளுக்குப் போயிடும், அது எனக்குத் தெரியவே இல்லை. தெரியாத எடத்துல இருந்து உங்க செல் வந்திருக்கு."

இதை அவர் வருத்தமாகவோ தன்னைக் குறைத்துக்கொண்டோ சொல்லவில்லை. வழி தெரியாத ஊரில் நின்றுகொண்டு, எந்தத் திருப்பத்தில் விட்டோம் என்று யோசிக்கிறவர் பேசுகிற மாதிரி பேசினார். அவருக்கு அப்போது கால் நூற்றாண்டு அனுபவம் இருந்தது. அத்தனை அனுபவம் உள்ளவர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

"இன்னொரு ஸ்மியர் எடுத்துப் பாக்கலாமா?" என்று பிரபு கேட்டார்.

டாக்டர் தலையை ஆட்டினார். "வேண்டாம். அது நல்லதா வந்துட்டா, நாம மூணு பேரும் அதைத்தான் நம்ப ஆசைப்படுவோம்."

பிறகுதான் தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டார்.

அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து, உள்ளே மேலே போகிற குறுகிய பாதையையும் சேர்த்து, கூம்பு வடிவில் ஒரு துண்டை அறுத்தெடுத்து ஆய்வு செய்யவேண்டும். பொங்கலுக்கு நாள் குறித்திருக்கிற குடும்பத்திடம் இதைச் சொல்வதுதான் பெரிய வேலை.

அதற்குள் செந்தில் மத்தியப் பிரதேசத்திலிருந்து விமானம் பிடித்து வந்துவிட்டார். இரண்டு அறிக்கைகளையும் ஃபோனில் படம் எடுத்து, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவமனையில், எதற்கு இந்தத் தலைவலி, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம், நாளைக்கே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர் அதை எங்களிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். ராசிபுரம் டாக்டருக்கும் தகவல் கொடுத்தேன். அவரும் வந்தார்.

நோயாளிகளை நாம் பார்ப்பதில்லை. அவர்கள் நமக்கு ஒரு எண், ஒரு துண்டு, ஒரு சாயம் போட்ட கண்ணாடி. அன்றுதான் பாவாயியை முதல்முறை பார்த்தேன். ஒல்லியான உடம்பு. கத்திரிப்பூ நிறத்தில் சேலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எங்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல், மேசை மேல் இருந்த மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்தில் கோபமாக இருந்தார். அதில் தப்பே இல்லை.

"ஏனுங்க மேடம், ஒரே லேபு. ஒரு ரிப்போர்ட்டுல பயப்படுத்தறீங்க, இன்னொண்ணுல ஒண்ணுமில்லீங்கறீங்க. நாங்க எதைங்க நம்பறது?"

"ரெண்டையும்" என்றேன். அந்தப் பதில் அவருக்கு எரிச்சலைத்தான் கூட்டியது.

"ஏதாச்சும் ஒண்ணு தப்பா இருக்கோணுமில்லீங்க? அந்த மொதல் ரிப்போர்ட்டை மாத்திக் குடுங்க, எங்கம்மாவை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றோம். இல்ல ரெண்டாவதை மாத்திக் குடுங்க, நாளைக்கே ஆப்ரேசன் பண்ணிக்கறோம். நடுவுல நிறுத்திவெச்சா எப்படிங்க?"

பாவாயியின் கணவர் மெதுவாக, "டேய், மெதுவாப் பேசு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லீன்னுதானுங்க பெரிய டெஸ்ட்டுல வந்திருக்குது. அதையே எடுத்துக்கலாமுங்களே" என்றார். அவர் கேட்ட விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

ராசிபுரம் டாக்டர் தன் நாற்காலியை இழுத்து செந்திலுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"தம்பி, கர்ப்பப்பையை நாளைக்கே எடுத்துடலாம்னு சொல்றாங்க இல்ல? உள்ள ஒண்ணும் இல்லைன்னா, வீணா எடுத்ததா ஆகும். அது பரவாயில்லைன்னுகூட நீங்க சொல்லலாம். உள்ள புத்து இருந்துச்சுன்னு வச்சுக்கோங்க. அப்ப எடுக்கவேண்டிய அளவு வேற. சுத்தி இருக்கிற சதை, நெணநீர்க் கணு எல்லாம் பாத்து எடுக்கணும். தெரியாம சாதாரணமா எடுத்துட்டா பாதியில விட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் சரிபண்றது ரொம்பக் கஷ்டம். அதனால எடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்."

"அப்ப எங்கம்மாவுக்கு என்னதானுங்க இருக்குது?"

"எனக்குத் தெரியாது தம்பி."

பிரபு தரையைப் பார்த்தார். செந்தில், "டாக்டரே தெரியாதுன்னா?" என்று மட்டும் சொன்னார்.

"இன்னிக்குத் தெரியாது. ஒரு சின்ன ஆப்ரேஷன் பண்ணினா தெரிஞ்சுக்க முடியும். இவங்க ரெண்டு பேருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியும்னு சொல்றவங்க யாராவது இருந்தா, எப்படித் தெரியும்னு கேளுங்க."

அப்போதுதான் பாவாயி வாயைத் திறந்தார். கேட்டது என்னை.

"ஏனுங்க டாக்டரம்மா, அதுல என்னை நான் பாக்க முடியுமுங்களா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். என் பணிக்காலம் முழுவதும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நாற்காலியை நகர்த்தி அவரை உட்காரவைத்தேன். கண்ணை எங்கே வைக்கவேண்டும் என்று பிரபு காட்டிக்கொடுத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு மூச்சை இழுத்தார்.

"இத்தனூண்டு இத்தனூண்டா..."

"அதெல்லாம் உங்க செல்தாம்மா. அகலமா, வெளுப்பா, நடுவுல சின்னப் புள்ளி வச்ச மாதிரி இருக்கிறது நல்லது."

ஸ்லைடை நகர்த்தினேன்.

"இங்க கருகருன்னு இருக்குதே, அதுங்களா?"

"அதுதாம்மா."

பாவாயி வெகுநேரம் பார்த்தார். பிறகு சதைத் துண்டின் ஸ்லைடை வைத்தேன். அதையும் பார்த்தார். "இதுல அந்தக் கருப்பு இல்லீங்களே" என்றார்.

"இல்லைம்மா. இது வேற எடத்துல எடுத்தது."

"எங்கிருந்து எடுத்தா என்னுங்க? அந்தக் கருப்பும் எம்பட ஒடம்புல இருந்துதானுங்களே வந்துது?"

"ஆமாங்கம்மா."

கண்ணை எடுத்து, பிரபுவைப் பார்த்தார். "நீதானா சாமி மொதல்ல பாத்தது?" என்றார். பிரபு ஆமாம் என்றார். அந்த "சாமி"யில் அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இந்த வேலையில் நமக்கு யாரும் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை, இல்லையா?

பாவாயி ராசிபுரம் டாக்டரிடம் திரும்பினார். "நீங்க சொல்ற ஆப்ரேசன்ல தெரிஞ்சுருமுங்களா?"

"பெரும்பாலும் தெரிஞ்சுடும். தெரியலைன்னா அதையும் உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன்."

"அப்பச் செரி" என்று எழுந்தார் பாவாயி. செந்தில் ஏதோ சொல்லவந்தார். பாவாயி கையைக் காட்டி அமர்த்தினார்.

"இல்ல கண்ணு. இவுங்களுக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னாங்க. நாளைக்கே எடுத்தர்றேன்னு சொல்றவங்க என்னை இன்னும் பாக்கக்கூட இல்ல. நான் இவுங்ககிட்டயே படுத்துக்கறேன். நீ வண்டியை எடு, எருமை கத்திக்கிட்டிருக்கும்."

அந்த வாரமே அறுவை நடந்தது. கூம்புத் துண்டின் ஒரு முனையில் தையல் நூல் போட்டு, எது மேல், எது கீழ், எது வலது என்று குறித்து, தானே ஃபார்மலினில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார் ராசிபுரம் டாக்டர். அப்படி நூல் போட்டு வருகிற துண்டைப் பார்த்தாலே எனக்கு அனுப்பியவரைக் கும்பிடத் தோன்றும். திசை தெரியாமல் வருகிற துண்டை வைத்துக்கொண்டு எத்தனை பேர் திண்டாடுகிறோம்!

முழுத் துண்டையும் வரிசையாகச் சீவிப் பார்த்தேன். முதல் ஸ்லைடுகளில் ஒன்றும் இல்லை. அடுத்தவற்றிலும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளூர ஒரு பயம் வந்தது. ஒன்றும் இல்லாமல் போய்விட்டால், அந்தப் பெண்ணை நாங்கள்தானே மேசை மேல் படுக்கவைத்தோம்? நல்ல செய்தி வரவேண்டும் என்றும் இருந்தது. நாங்கள் செய்தது வீணாகிவிடக் கூடாதே என்றும் இருந்தது. இந்த இரண்டு எண்ணமும் ஒரே நேரத்தில் வரும். உங்களுக்கும் வரும். வந்தால் வெட்கப்படாதீர்கள், ஸ்லைடைத் தொடர்ந்து பாருங்கள்.

உள்பாதையின் மேல் முனையில் இருந்தது. வெளியிலிருந்து யார் எந்தக் கருவி வைத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காத இடத்தில், மேல்தோலின் எல்லையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ஆரம்பநிலைப் புற்றுதான், ஆனால் புற்று. வெறும் கர்ப்பப்பையை எடுப்பதோடு விட்டுவிடக்கூடிய ஆழத்தைத் தாண்டியிருந்தது. பிரபுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "நான் சொன்னேனே" என்ற பாவனை அவர் முகத்தில் துளியும் இல்லை. அதற்காக அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

ஃபோனில் சொன்னபோது, ராசிபுரம் டாக்டர் ஆழத்தைக் கேட்டார், அகலத்தைக் கேட்டார், ரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா என்று கேட்டார், வெட்டிய ஓரங்கள் சுத்தமா என்று கேட்டார். கடைசியாக, "அந்தம்மாகிட்ட நான் நேர்ல போய்ச் சொல்றேங்க. ஃபோன்ல வேண்டாம்" என்றார்.

பாவாயியின் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். கணவர் உடைந்துபோய் அழுதிருக்கிறார். பாவாயி டாக்டருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இருக்கற எடம் தெரிஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்டாராம். தெரிந்துவிட்டது என்றதும், "அப்ப எடுத்தர்லாமுங்க" என்றாராம். கோவையில் ஒரு புற்றுநோய் மையத்துக்கு அனுப்பினோம். எங்கள் ஸ்லைடுகள் அத்தனையையும் செந்திலிடமே கொடுத்தனுப்பினேன். வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டார்.

"அன்னிக்கு நான் கேட்டாப்ல ஒரு ரிப்போர்ட்டை நீங்க மாத்திக் குடுத்திருந்தீங்கன்னா..." என்றார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் அன்று கேட்டதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மகன் கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. ஒத்துப்போகிற அறிக்கையை யாருக்குத்தான் பிடிக்காது? கணக்கெடுக்க வருகிற தணிக்கையாளருக்கும் பிடிக்கும். பொருந்தாத இரண்டு அறிக்கைகள் மேசை மேல் கிடந்தால், ஏதோ ஒன்று நம் கண்ணில் படாமல் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றை லேசாக வளைத்துவிட்டால் அது என்றைக்கும் நம் கண்ணில் படாது. இப்போது எச்.பி.வி. வைரஸ் பரிசோதனை வந்துவிட்டது, கணினி ஸ்லைடு பார்க்கிறது. நல்லதுதான். அவையும் ஒரு நாள் ஒன்றோடொன்று முரண்படும். அன்று உங்கள் பக்கத்தில் ராசிபுரம் டாக்டரைப் போல ஒருவர் இருக்கவேண்டும், அல்லது நீங்களே அவராக இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு அவர் எங்களை விடவில்லை. மாதம் ஒரு நாள், ஸ்மியரும் பயாப்சியும் ஒத்துப்போகாத எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காரவேண்டும் என்றார். சுற்றுவட்டாரத்து மகப்பேறு மருத்துவர்களையும் கூப்பிட்டோம். முதல் கூட்டத்துக்கு இரண்டே பேர் வந்தார்கள். நான் ஓய்வுபெறும்போது நாற்காலி போதாமல் பெஞ்சு கொண்டுவந்து போட்டோம். அங்கே ஒரே ஒரு விதி: "யார் தப்பு?" என்று யாரும் கேட்கக்கூடாது, "எங்க விட்டோம்?" என்று கேட்கலாம். அந்த விதியும் அவர் வைத்ததுதான்.

பாவாயி இன்றும் நன்றாக இருக்கிறார். அந்தப் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அவர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் எழுந்துவிடாதீர்கள், அந்த டாக்டரைப் பற்றி ஒன்று பாக்கியிருக்கிறது.

கோவையில் பெரிய அறுவை முடிந்து, அங்கே எடுத்த திசுக்களின் முடிவுக்காகக் காத்திருந்தோம். புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கிருந்த நோய்க்குறியியல் மருத்துவர் என்னோடு படித்தவர். ஒரு காலை அவர் கூப்பிட்டு, "கணு எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். அப்படியே ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். உடனே ராசிபுரத்துக்கு அடித்தேன்.

"டாக்டர், கணுவுல ஒண்ணுமே இல்லையாம்! சுத்தமாம்!"

அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்.

"எத்தனை கணு பாத்தாங்களாம்?"

நான் கேட்கவில்லை. "சுத்தம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஃபோனை வைத்துவிட்டிருந்தேன். நாலைந்து கணுவை மட்டும் பார்த்துவிட்டுச் சுத்தம் என்றால், அந்தச் சுத்தத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

"கேட்டுச் சொல்லுங்க. நான் வச்சிடலை, இருக்கேன்" என்றார்.

இன்னொரு ஃபோனில் கோவைக்கு அடித்தேன். என் நண்பர் சிரித்துக்கொண்டே எண்ணிக்கையைச் சொன்னார். இரண்டு பக்கமும் போதுமான அளவுக்குமேல் எடுத்துப் பார்த்திருந்தார்கள். அதை அப்படியே இந்தப் பக்கம் சொன்னேன். அவர் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டது கேட்டது.

"சரிங்க" என்றார். "இப்பச் சந்தோஷப்படலாம்."

அதன் பிறகுதான் அவர் அழுதார்.